சாம்பல் நிற ‘வேண்டாம்’

மார்ச் 3, செவ்வாய்

முடி வெட்டியாயிற்று. மாதத்தின் முதல் செவ்வாய் மனைவிக்குப் பார்லர் விடுமுறை. எனக்கும் இன்று பறப்பு இல்லை. குளியலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தில் பழைய படுக்கை விரிப்பு, காலடியில் போன வாரத்துச் செய்தித்தாள். ஆண் ஊழியரின் முடி சட்டைக் காலரைத் தொடக்கூடாது என்பது எங்கள் விமானக் கம்பெனி விதி. பதினாறு வருடமாக அந்த விதியைக் காப்பாற்றி வருபவள் இவள்தான். வெட்டிக்கொண்டே பார்லர் கதைகள் சொல்வாள். இன்று, கல்யாண மண்டபத்துக்குப் போகும் வழியில் வந்து பாதித் தலைக்கு மட்டும் சாயம் அடித்துக்கொண்டு, ‘மீதிய நாளைக்கு வந்து அடிச்சிக்கறேன்’ என்று ஓடிப்போன ஒரு அம்மாவின் கதை. வெட்டி முடித்ததும் பின்கழுத்தில் ஒட்டியிருக்கும் துணுக்குகளை வாயால் ஊதிவிடுவாள். பார்லரில் அதற்கென்றே மெத்தென்று ஒரு பிரஷ் வைத்திருக்கிறாள். வீட்டில் மட்டும் ஏன் இந்தச் சிக்கனமோ. எனக்குக் கூசும், நெளிவேன். ‘அசையாதீங்க’ என்று தலையில் ஒரு தட்டு விழும்.

சாயங்காலம் செல்பேசியில் சுற்றறிக்கை வந்தது. வியாழக்கிழமை எல்லோரும் பயிற்சிக்கு வர வேண்டுமாம். தலைப்பு: ‘பயணிகளிடம் அன்பளிப்பு பெறும் முறை’.

என்னது?

மார்ச் 5, வியாழன்

அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

எங்கள் பொறுப்பு மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. வாரத்துக்கு இரண்டு அனுப்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இன்று வகுப்பறையில் அவரே ஒரு புது கார்டு மெஷினைத் தூக்கிக் காட்டினார். இனி விமானத்தில் டீயோ சாண்ட்விச்சோ வாங்கும் பயணி கார்டைத் தேய்த்ததும், பணம் போவதற்கு முன்னால் திரையில் ஒரு கேள்வி வரும். ‘ஊழியர்களுக்கு டிப்ஸ் தர விரும்புகிறீர்களா?’ பச்சை நிறத்தில் பெரிது பெரிதாக மூன்று பொத்தான்கள்: பத்து சதவீதம், பதினைந்து, இருபது. அவற்றுக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத சாம்பல் நிறத்தில், ‘வேண்டாம்’. வருவதை அந்தப் பறப்பில் இருந்த நான்கு பேருக்கும் சமமாகப் பிரித்து மாதச் சம்பளத்தோடு போடுவார்களாம்.

இருபத்தோரு வருடமாக இதே கம்பெனி எங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தது? பயணி பணம் நீட்டினால் மூன்று தடவை மறுக்க வேண்டும். வலது கையால் மெல்லத் தடுத்து, இடது கையை நெஞ்சில் வைத்து, ‘உங்க அன்பே போதும்’. நான் அதில் கில்லாடி. புதிதாக வருகிறவர்களுக்கு என்னை நிற்க வைத்து அதைச் செய்து காட்டச் சொல்வார்கள்.

இன்று அதே அறையில், மெஷினை நீட்டிவிட்டு எங்கே பார்ப்பது என்று பாடம். ‘பயணி தேர்வு செய்யும்போது ஊழியர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். புன்னகை மாறக் கூடாது.’ இரண்டு இரண்டு பேராக நின்று பழகினோம். நான் கேட்டேன், “மேடம், நடுவுல நின்னு ஜன்னலைப் பாத்தா, ஜன்னலோரம் உக்காந்திருக்கற அம்மா மூஞ்சியத்தானே பாக்கணும்? அவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?” எல்லோரும் சிரித்தார்கள். சுற்றறிக்கை சிரிக்கவில்லை. அதற்கும் ஒரு சுற்றறிக்கை வரும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். துணி மடித்துக்கொண்டே, “எங்க பார்லர்லயும் அதே மெஷின்தான். ஆறு மாசமா இருக்கு” என்றாள்.

“நீ எங்க பாப்ப?”

“நானா? கீழ விழுந்த முடியப் பாத்துக்கிட்டிருப்பேன்.”

அவளுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. பார்லரும் விமானமும் ஒன்றா?

மார்ச் 9, திங்கள்

மெஷினோடு முதல் நாள். நான்கு பறப்பு.

விமானத்தின் முன்பாதி எனக்கு, பின்பாதி கெட்டிலுக்கு. இரண்டே நிமிடத்தில் கொதித்துவிடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கோபமும் அப்படி, வேலையும் அப்படி. கணவன் விட்டுப் போய் ஏழு வருடம். ஒரு மகன். அவன் பல்வரிசைக்குக் கம்பி போட வேண்டும் என்று போன வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். “அண்ணா, இந்த மெஷின் நமக்கு அதிர்ஷ்டம்ணா” என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். நான் டீக் கோப்பைகளை எண்ண ஆரம்பித்தேன்.

மூன்றாம் வரிசை கோட்டுக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “இது என்ன புதுசா?” ஆறாம் வரிசையில் புதுக் கல்யாண ஜோடி. அவன் பத்தை அமுக்கப் போனான், அவள் முழங்கையால் இடித்தாள், பதினைந்தை அமுக்கினான். எனக்காக ஒருத்தன் இடி வாங்க வேண்டுமா? ஒன்பதாம் வரிசைப் பெரியவர் ‘வேண்டாம்’ எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி, கடைசியில் என்னிடமே கேட்டார். நானே காட்டிக் கொடுத்தேன். “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி” என்றார். அதற்குப் பிறகு இறங்கும் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டினார்.

தொண்ணூறு வினாடியில் ஒரு விமானத்தைக் காலி செய்யப் பயிற்சி எடுத்தவன் நான். புகையில் தவழ்ந்து போகத் தெரியும். நடுவானில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த ஒரு மனிதரை, தரை இறங்கும் வரை அமுக்கி அமுக்கி மூச்சுவிட வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு டீக்கு மேலே பத்து சதவீதத்துக்காக ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் அதே கூத்து. கன்னம் வலிக்கிறது. சிரித்துச் சிரித்து.

மார்ச் 14, சனி

வழி கிடைத்துவிட்டது!

கார்டைத் தேய்த்தபின் மெஷினைப் பயணி பக்கம் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பலில் என் வலது பெருவிரல் திரையின் கீழ்ப்பக்கம் போகிறது. சரியாகச் சாம்பல் நிற ‘வேண்டாம்’ இருக்கும் இடம். நேற்று தற்செயலாகப் பட்டது. இன்று வேண்டுமென்றே. பயணி பார்க்கும்போது கேள்வி போய்விட்டிருக்கும், ‘நன்றி’ என்று மட்டும் இருக்கும். இன்று முப்பத்தொரு பேர். ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எல்லோரும் நிம்மதியாக டீ குடித்தார்கள், நான் நிம்மதியாக அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

சுற்றறிக்கைக்கு என் பெருவிரலின் வணக்கம்.

மார்ச் 15, ஞாயிறு

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மச்சான் மதியம் சாப்பிட வந்திருந்தான். மனைவியின் தம்பி. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை ‘ஆகாய சர்வர்’ என்று கூப்பிடுகிறவன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான். “என்ன மாமா, மேலயும் டிப்ஸ் வந்திடுச்சாமே? பேப்பர்ல போட்டிருக்கான். இனிமே நீங்க முழு சர்வர்.”

வழக்கமாகச் சிரித்து மழுப்பிவிடுவேன். இன்று ஏனோ பொத்துக்கொண்டு வந்தது. தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னேன்: “கை நீட்டி வாங்கற பொழப்பு என் பரம்பரையிலேயே கிடையாது. எவன் கிட்டயும் பல்லைக் காட்டிக் காசு வாங்கணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல.”

மச்சான் வாயை மூடிக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒரு மூன்று வினாடி. அப்புறம்தான் அவன் என்னைப் பார்க்கவில்லை, அவன் அக்காவைப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

அவள் கரண்டியைக் குழம்புப் பாத்திரத்தில் வைத்தாள். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. “பன்னண்டு வருஷமா நானும் கை நீட்டித்தான் வாங்கறேன்” என்றாள். “கத்திரிக்கோல் பிடிக்கற அதே கை.” எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் அவளைச் சொல்லவில்லை. சத்தியமாக அவளைச் சொல்லவில்லை! கதவுக்கு வெளியே நின்று சொன்னேன், “உன்னைச் சொல்லல.” அவளைச் சொல்லவில்லை என்றால் வேறு யாரைச் சொன்னேன் என்று நானே கேட்டுப் பார்த்தேன்.

மச்சான் போகும்போது, “நான் விளையாட்டுக்குத்தான் மாமா சொன்னேன்” என்றான். விளையாட்டு அவனுக்கு, வினை எனக்கு.

மார்ச் 16, திங்கள்

பேசுகிறாள். ‘சாப்பாடு வெச்சிருக்கேன்.’ ‘கரண்ட் பில் வந்திருக்கு.’ இதெல்லாம் பேச்சா?

மார்ச் 22, ஞாயிறு

ஒரு வாரமாகப் பார்லர் கதை ஒன்றுகூட இல்லை. பாதித் தலை அம்மா மீதித் தலைக்கு வந்தாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. கேட்டேன். “ம்” என்றாள். ‘ம்’ என்றால் வந்தாரா, வரவில்லையா?

விமானத்தில் இன்று பதினோராம் வரிசையில் ஒரு தாய், மூன்று வயதுக் குழந்தையோடு. ஏறிய இருபதாவது நிமிடம் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. அவள் மேல், இருக்கை மேல், பக்கத்தில் இருந்தவரின் பை மேல். பக்கத்துக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன், அவளைக் கழுவிக்கொண்டு வர அனுப்பினேன். இருக்கையைத் துடைத்து, மேலே பிளாஸ்டிக் விரித்து, பக்கத்துக்காரருக்கு வேறு இடம் கொடுத்து, பையையும் துடைத்துக் கொடுத்தேன். குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டது. அரை மணி நேரம் ஒற்றைக் கையால்தான் வேலை பார்த்தேன்.

கடைசியில் அவள் ஒரு டீ கேட்டாள். கார்டைத் தேய்த்தேன், திருப்பினேன், பெருவிரல் தன் வேலையைச் செய்தது. அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “அவ்வளவுதானா?” என்றாள். அவ்வளவுதான் என்றேன். ரொம்பப் பெருமையாகச் சொன்னேன்.

மார்ச் 27, வெள்ளி

சம்பளச் சீட்டோடு டிப்ஸ் கணக்கும் வந்தது. பறப்பு வாரியாக, முன்பக்க மெஷின், பின்பக்க மெஷின் என்று பிரித்து.

கெட்டில் அதைப் பரீட்சைத் தாள் மாதிரி படித்திருக்கிறாள். “அண்ணா, போன ரெண்டு வாரமா உங்க கூட போன எல்லாப் பறப்புலயும் முன்பக்கம் பூஜ்யம். எப்படிண்ணா? எனக்குப் பின்னாடி நல்லாத்தானே வருது?”

“முன்பக்கம் உக்கார்றவன் எல்லாம் கஞ்சன்மா” என்றேன்.

நம்பிவிட்டாள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கொதிக்கும் என்று எதிர்பார்த்தேன். “அப்படியா சொல்றீங்க” என்று சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள். பல் டாக்டர் பாதிப் பணம் முன்னாலேயே கேட்கிறாராம்.

இதில் என் தப்பு என்ன? அவள் பங்கு என் பங்கு என்று நான் யோசிக்கவே இல்லையே. என் மெஷின், என் விரல் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

முதல் செவ்வாய். காலையிலேயே பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டேன். படுக்கை விரிப்பை நானே கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆயிற்று, பதினைந்து நிமிடம் ஆயிற்று.

அவள் வந்து பார்த்தாள். “வேணும்னா கடைக்கு வாங்க. டோக்கன் போட்டுட்டு உக்காருங்க. முறை வந்ததும் கூப்பிடுவாங்க.”

“கட்டின புருஷனுக்கு டோக்கனா?”

“வீட்ல வெட்டினா அது வேலைக் கணக்குல வராதே.”

ஐம்பது வயதை நெருங்குகிற மனிதன், கழுத்தில் பூப்போட்ட விரிப்போடு, குளியலறை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இதை மச்சான் பார்த்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 8, புதன்

மெமோ!

முதலில் மேடம் சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார். “உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கு.” அந்தப் பதினோராம் வரிசைத் தாய். இரண்டு பக்கம் கையால் எழுதியிருக்கிறாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டது, பையைத் துடைத்தது எல்லாம். படிக்கப் படிக்க எனக்கே கண் கலங்கியது. கடைசிப் பத்தியில்: ‘அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் டீயே வாங்கினேன். மெஷின் என்னைக் கேட்கவே இல்லை. பின்வரிசையில் இருந்த என் தங்கையிடம் கேட்டிருக்கிறது. ஏன் என்னிடம் மட்டும் கேட்கவில்லை?’

பாராட்டுக் கடிதத்திலேயே மாட்டிக்கொண்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

முன்பக்க மெஷின்களை எல்லாம் சோதித்துவிட்டார்களாம். எல்லாம் நன்றாகக் கேட்கின்றன. என் கையில் இருக்கும்போது மட்டும் ஊமையாகிவிடுகின்றன. பதினைந்தாம் தேதி நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். இந்த வருடம் பொறுப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. இருந்தது என்று எழுத வேண்டுமோ?

வெளியே வரும்போது மேடம் மெதுவாகச் சொன்னார்: “மெஷின் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எனக்கும் வேலை மிச்சம். கோளாறுன்னு வந்தா இந்தத் திட்டத்தையே நிறுத்திடுவாங்க. உங்களுக்கும் இது பிடிக்கலதானே?”

ஒரே வரி. வேலையும் தப்பும், மெஷினும் ஒழியும். வேறென்ன வேண்டும் எனக்கு?

ஏப்ரல் 9, வியாழன்

இரண்டு பறப்புக்கு நடுவே நாற்பது நிமிடம் தரையில். பயணிகள் இறங்கிவிட்டார்கள். துப்புரவுக்காரர்கள் இருக்கை இருக்கையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கெட்டில் முன்பக்கம் வந்து முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணா, நான் பயணி. எனக்கு ஒரு டீ.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் கார்டையே நீட்டினாள். தேய்த்தேன், திருப்பினேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயோ. நான் அமுக்கியதே எனக்குத் தெரியவில்லை! அது பாட்டுக்குப் போய் அமுக்கிவிட்டது. நூற்றுக்கணக்கான தடவை நினைத்துச் செய்ததை இப்போது விரலே செய்கிறது.

கொதிக்கவில்லை. ஆறிப்போன தண்ணீர் மாதிரி பேசினாள். “உங்க மானத்துக்கு நாங்க மூணு பேர் ஏன் சார் பணம் கட்டணும்?”

சார். ஒன்பது வருடமாக அண்ணா. இன்று சார்.

பர்ஸை எடுத்தேன். “எவ்வளவு வந்திருக்கும்னு சொல்லு, நான் குடுத்திடறேன்.” அதுவும் தப்பாகப் போயிற்று.

“உங்க காசு எனக்கு எதுக்கு? எனக்கு வர வேண்டிய காசு வந்தாப் போதும். அந்தக் குழந்தை வாந்தி எடுத்தப்ப பின்னாடி வேலையோட உங்க முன்பாதி வேலையையும் சேத்து யாரு செஞ்சா? அந்த அம்மா குடுக்க நினைச்சதுல எனக்கும் பங்கு இருந்துச்சு. நீங்க யாரு சார் அதை வேண்டாம்னு சொல்ல?”

துப்புரவுக்கார அம்மா ஒருத்தி துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஒரே வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. ‘மெஷின் கோளாறு.’ திட்டம் நிற்கும். கெட்டிலுக்குப் பின்பக்கத்தில் வருவதும் நிற்கும்.

எழுதிப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

முடி காலரைத் தாண்டிவிட்டது. விளக்கம் சொல்லப் போகிறவன் விதியை மீறிய தலையோடு போக முடியாது. வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன்? வீம்பாகவும் இருக்கலாம், ஆசையாகவும் இருக்கலாம்.

பார்லரில் டோக்கன் போட்டேன். எண் பதினான்கு. கல்லாவில் இருக்கும் முதலாளியம்மா, “சார், நீங்களா? நேரா உள்ள போங்களேன்” என்றார். வேண்டாம், முறைப்படியே வருகிறேன் என்றேன். ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை என்பது அந்த ஐம்பது நிமிடத்தில்தான் உறைத்தது. வாசலில் இறக்கிவிடுவேன், வாசலில் ஏற்றிக்கொள்வேன். அவ்வளவுதான்.

நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள். ஒரு தலை முடிந்ததும் இடது காலைத் தூக்கி வலது கெண்டைக்காலில் தேய்த்துக்கொள்கிறாள், அடுத்த தலைக்குப் போகிறாள். ஒரு பெண்மணி கண்ணாடியைப் பார்த்து, “நான் கேட்டது இது இல்லையே” என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். இவள் சிரித்துக்கொண்டே மறுபடி சீப்பை எடுத்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என்னிடமும் அது ஒன்று இருக்கிறது, நடுவானில் போட்டுக்கொள்வது. அந்தப் பெண்மணி போகும்போது மெஷினில் எதையோ அமுக்கினார். இவள் கீழே விழுந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினாலு!”

உட்கார்ந்தேன். “எப்படி வெட்டணும் சார்?” என்றாள்.

“காலரைத் தொடாம.”

கதை இல்லை. கத்திரிச் சத்தம் மட்டும். வீட்டை விடப் பதவிசாக வெட்டினாள், தலையில் தட்டு விழவில்லை. முடிந்ததும் பிரஷை எடுத்துப் பின்கழுத்தைத் துடைத்தாள். மெத்தென்றுதான் இருந்தது.

கார்டு கொடுத்தேன். நான் முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தேன். இருபதை அமுக்குவேன். அவள் பார்க்க அமுக்குவேன். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று மனதுக்குள் ஒத்திகையே பார்த்தாயிற்று.

மெஷினைத் தேய்த்து, திருப்பி, என் முன்னால் நீட்டினாள். திரையில் ‘நன்றி’.

பச்சை இல்லை, சாம்பல் இல்லை. கேள்வியே இல்லை.

“இதுல டிப்ஸ் கேக்கலையே?” என்றேன்.

“உங்களுக்கு எதுக்கு சங்கடம்னு நானே வேண்டாம் அமுக்கிட்டேன்.”

கெட்டில் இவளுக்கும் பழக்கம், போனில் சொல்லியிருக்க வேண்டும், இல்லை நானே புலம்பியதில் ஊகித்திருக்க வேண்டும். அது முக்கியமில்லை. என் விரல் காற்றில் நின்றது. கொடுக்க வந்தவனை, கையை நீட்டவே விடாமல் கதவைச் சாத்தி அனுப்பினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ‘அவ்வளவுதானா?’ என்று கேட்ட அந்தப் பதினோராம் வரிசைப் பெண்ணின் முகம் வந்து நின்றது.

“அடுத்தது பதினஞ்சு” என்று கூப்பிட்டுவிட்டாள்.

பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தேன். கண் கரித்தது. முடித் துணுக்கு விழுந்திருக்கும் என்று எழுத நினைத்தேன். இல்லை. அழுதேன்.

ஏப்ரல் 15, புதன்

சட்டைப் பையில் இருந்த வரியைக் கொடுக்கவில்லை.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல மேடம். நான்தான் அமுக்கினேன்” என்றேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “ஏங்க? யாராவது வர்ற காசை வேண்டாம்னு சொல்வாங்களா?”

மச்சானைச் சொல்லவா, இருபத்தோரு வருட நெஞ்சு மேல் கையைச் சொல்லவா? “வெக்கமா இருந்துச்சு” என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். இனி என் கோப்பில் நிரந்தரமாக இருக்கும்: ஊழியர் வெட்கப்பட்டார்.

தண்டனை: பத்து வேலை நாள் தரைப்பணி. பதவி உயர்வுப் பட்டியலில் இந்த வருடம் பெயர் இல்லை. பாராட்டுக் கடிதத்தையும் மெமோவையும் ஒரே குண்டூசியில் குத்திக் கோப்பில் வைத்தார். திட்டம் தொடரும்.

ஏன் மனம் லேசாக இருக்கிறது என்று தெரியவில்லை. பட்டியலை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

மனைவியிடம் சொன்னேன், முழுக்க. குறுக்கே பேசாமல் கேட்டாள். “பத்து நாளும் வீட்டுச் சாப்பாடா அப்ப?” என்றாள். இது ‘ம்’மை விட நீளம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

தொலைந்த பெட்டிகள் பிரிவு. காலையிலிருந்து மாலை வரை ஆட்கள் வரிசையில் நின்று என்னைத் திட்டுகிறார்கள். ஒருத்தருக்கும் டிப்ஸ் கொடுக்கும் எண்ணமே இல்லை. பரம நிம்மதி.

ஏப்ரல் 30, வியாழன்

மறுபடி மேலே. கையில் மெஷின்.

பெருவிரலை நம்ப முடியவில்லை. அதற்கு ஒரு பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு போனேன், ஞாபகத்துக்கு. கெட்டில் பார்த்தாள். “காயமா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாம் வரிசையில் ஒருவர் ‘வேண்டாம்’ அமுக்கினார். “கோச்சிக்காதீங்க.” இல்லை சார், டீ சூடா இருக்கு, பாத்துக் குடிங்க என்றேன். ஜன்னலைப் பார்க்கவில்லை. டீயைப் பார்த்தேன், அது பரவாயில்லை. ஐந்தாம் வரிசையில் ஒரு கிழவர் இருபதை அமுக்கிவிட்டு, சரியாக அமுக்கினாரா என்று என் முகத்தைப் பார்த்தார். வலது கை தடுக்கப் போயிற்று, இடது கை நெஞ்சுக்குப் போயிற்று. இருபத்தோரு வருடப் பழக்கம். இரண்டையும் இறக்கினேன். “ரொம்ப நன்றிங்க” என்றேன். காது சூடாகிவிட்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் செத்துப்போய்விடவில்லை.

கடைசிப் பறப்பு முடிந்து மெஷின் சீட்டைக் கிழித்துக் கெட்டிலிடம் கொடுத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் பூஜ்யமில்லை. அவள் படித்தாள், மடித்தாள், சட்டைப் பையில் வைத்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் போனவள் தலையை மட்டும் நீட்டினாள்.

“டீ போடறேன். உங்களுக்கும் வேணுமாண்ணா?”

மே 5, செவ்வாய்

முதல் செவ்வாய். நான் நாற்காலியை எடுக்கவில்லை. காலை காபிக்குப் பிறகு குளியலறைப் பக்கம் இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நாற்காலி, விரிப்பு, செய்தித்தாள் எல்லாம் தயார்.

உட்கார்ந்தேன். இரண்டு வெட்டு வெட்டினாள். “அந்தப் பாதித் தலை அம்மா இருக்காங்கல்ல” என்று ஆரம்பித்தாள். சொன்னபடி மறுநாள் வரவே இல்லையாம். பக்கத்துத் தெருக் கடையில் மீதிப் பாதிக்குச் சாயம் அடித்துக்கொண்டு, இரண்டு பாதியும் இரண்டு நிறமாகி, இப்போது இவளிடம் வந்து சண்டை போடுகிறாராம். நான் சிரித்து ஆடியதில் காதோரம் ஒரு வெட்டு கோணலாகிவிட்டது. தலையில் ஒரு தட்டு.

முடிந்தது என்று நினைத்து, விரிப்புக்குள்ளிருந்து கையை எடுத்து, வைத்திருந்த நோட்டைச் சீப்புக்கு அடியில் வைத்தேன். அவள் பார்க்கவில்லை. கீழே செய்தித்தாளில் விழுந்திருந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரின் முகமும் சுவர்க் கண்ணாடியில் தெரிந்தது, இரண்டும் ரொம்ப மும்முரமாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு நோட்டை எடுத்து நைட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

“தேங்க்ஸ் சார்.”

எழுந்திருக்கப் போனேன். தோளைப் பிடித்து அமுக்கினாள்.

“எங்க எந்திரிக்கறீங்க? இன்னும் முடியல.”

குனிந்து, பின்கழுத்தில் ஊதினாள். கூசியது. நான் அசையவில்லை.